எத்தனை மில்லிமீட்டர்?

என் காருக்கு 15 வயது ஆகப்போகிறது. சொந்த உபயோகக் கார்களுக்கு ஆர்.சி. முதலில் 15 ஆண்டுகளுக்குத்தான். பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, சோதனையில் தேறி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். ‘எஃப்.சி. எடுக்கணும்’ என்று நாம் சொல்வது இதைத்தான். ஆர்.சி. முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அந்தத் தேதி நமக்கு மறந்தாலும் சர்வீஸ் சென்டருக்கு மறக்காது.

கோவையில் நான் வழக்கமாக விடும் டீலரிடம், எஃப்.சி.க்கு முன்னால் ஒரு பாதுகாப்புச் சோதனை செய்துவிடலாம் என்று வண்டியைக் கொடுத்தேன். மதியத்துக்குள் சர்வீஸ் அட்வைசரிடமிருந்து போன் வந்தது. “மேடம், நிறைய வேலை இருக்குங்க. இதெல்லாம் பண்ணலைன்னா எஃப்.சி.ல ரிஜெக்ட் ஆயிடும். சேஃப்டி விஷயம், பாத்துக்கோங்க.” வாட்ஸ்அப்பில் வந்த எஸ்டிமேட் நாற்பதாயிரத்தைத் தொட்டது. என்ஜின் டீகார்பனைசேஷன், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட், எலி விரட்டும் ஸ்பிரே, அண்டர்பாடி கோட்டிங், முன் பிரேக் பேட், டிஸ்க் ஸ்கிம்மிங், நான்கு டயர், பேட்டரி. கடைசி வரியில், பத்தோடு பதினொன்றாக, இடது பக்க லோயர் ஆர்ம்.

அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நான் கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். பழைய வண்டி வைத்திருக்கும் எவருக்கும் இது பயன்படும்.

எஃப்.சி.யில் எதைப் பார்ப்பார்கள்?

நம் ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று அழைக்கப்படும் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்ப்பது சாலையில் ஓடத் தேவையான விஷயங்களை: பிரேக், ஸ்டியரிங், ஹெட்லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட், ஹாரன், வைப்பர், டயர், கண்ணாடிகள், சீட் பெல்ட், நம்பர் பிளேட், புகை. சேசிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்ப்பார். இன்சூரன்ஸும் புகைச் சான்றிதழும் நடப்பில் இருக்க வேண்டும்.

இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி, எஸ்டிமேட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பாதி கழன்றுவிட்டது. ஏசிக்குள் வாசனை மருந்து அடித்திருக்கிறதா என்று எந்த ஆய்வாளரும் முகர்ந்து பார்க்கப்போவதில்லை. எங்கள் தெருவில் எலித் தொல்லை உண்மைதான். ஆனால் எலிக்கும் எஃப்.சி.க்கும் சம்பந்தமில்லை. டீகார்பனைசேஷன் புகைக்காக என்றார்கள். வண்டி அதற்கு முந்தைய வாரம்தான் புகைச் சோதனையில் சுத்தமாகத் தேறியிருந்தது. அந்தச் சான்றிதழை அனுப்பியதும் அந்த வரி தானாகவே காணாமல் போனது.

இவற்றுக்கெல்லாம் சர்வீஸ் சென்டருக்குள் ‘வேல்யூ ஆடட் சர்வீஸ்’ என்று பெயர். அட்வைசருக்கு மாதாமாதம் இதில் டார்கெட் உண்டு. கல்யாணப் பந்தியில் கேட்காமலே இலையில் விழும் பதார்த்தம் மாதிரி, நாம் கையை நீட்டித் தடுக்காவிட்டால் விழுந்துகொண்டே இருக்கும். அந்தப் பையன் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அவன் சம்பளத்தில் ஒரு பகுதி அதில்தான் இருக்கிறது. மரியாதையாக “இது வேண்டாங்க, ஜாப் கார்டுல அடிச்சிடுங்க” என்றால் போதும்.

பயத்துக்கு அளவு கேளுங்கள்

மிச்சமிருந்தவைதான் முக்கியமானவை. பிரேக், டயர், பேட்டரி, லோயர் ஆர்ம். இவற்றை வேண்டாம் என்று சும்மா சொல்லிவிட முடியாது. அதேபோல் “தேஞ்சிடுச்சு மேடம்” என்ற ஒரு சொல்லை நம்பிப் பணம் கொடுக்கவும் முடியாது. நான் கேட்டது ஒரே கேள்வி: “எத்தனை மில்லிமீட்டர் இருக்கு?”

போனில் பதில் இல்லை. நேரில் போனேன். “சாரைக் கூட்டிட்டு வந்தீங்கன்னா விளக்கமாச் சொல்லிடலாம்” என்றார் அட்வைசர். வண்டி என் பேரில் இருக்கிறது, ஓட்டுவதும் நான்தான், எனக்கே விளக்குங்கள் என்றேன். இன்சூரன்ஸ் காரணமாக வாடிக்கையாளரை ஒர்க்‌ஷாப்புக்குள் விடுவதில்லை என்று பல இடங்களில் சொல்வார்கள். வாசலோரமாக நின்றாவது பார்க்கிறேன், இல்லையென்றால் ஸ்கேல் வைத்து போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று கேட்கலாம். எனக்கு உள்ளே போக அனுமதி கிடைத்தது.

வண்டி லிஃப்ட்டில் இருந்தது. முன் சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தார்கள். டெக்னீஷியன் டார்ச் அடித்து, காலிப்பர் இடைவெளி வழியாக பேடைக் காட்டினார். இரும்புத் தகட்டை விட்டுவிட்டு, மேலே இருக்கும் உராயும் பொருளை மட்டும்தான் அளக்க வேண்டும். ஸ்கேலை வைத்தார்: 6 மில்லிமீட்டர். புதிதில் ஏறக்குறைய 10 இருக்கும். மாற்ற வேண்டிய எல்லை கையேட்டில் போட்டிருக்கும். பெரும்பாலான கார்களுக்கு அது 2, 3 மில்லிமீட்டர்தான். டெக்னீஷியன் அட்வைசரை ஒருமுறை பார்த்துவிட்டு, தணிந்த குரலில் “இன்னும் ஓடும்க்கா” என்றார்.

டிஸ்க்குக்கும் அப்படித்தான். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்பது பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். பிரேக் அடிக்கும்போது பெடலோ ஸ்டியரிங்கோ அதிர்ந்தால் ஸ்கிம்மிங் பற்றி யோசிக்கலாம். என் வண்டியில் அதிர்வு இல்லை. அந்த வரியும் போனது.

டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னத் திட்டுகள் இருக்கும். அவை 1.6 மில்லிமீட்டர் உயரம். மேற்பரப்பு தேய்ந்து அந்தத் திட்டுக்குச் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. முன் டயர் இரண்டும் திட்டைத் தொட்டிருந்தன. பின்னால் இருந்த இரண்டில் பள்ளமும் ஆழமாக இருந்தது, வெடிப்பும் இல்லை. நான்கு இரண்டானது. அதையும் வெளியே டயர் கடையில் போட்டுக்கொண்டேன்.

பேட்டரிக்கு லோட் டெஸ்ட் செய்த சீட்டைக் கேட்டேன். டெஸ்ட்டே செய்யவில்லை. செய்தபோது நன்றாக இருந்தது. உங்களிடம் மல்டிமீட்டர் இருந்தால் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் நீங்களே பார்க்கலாம். நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும்; என்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி இருந்தால் ஆல்டர்னேட்டரும் சரி.

கடைசி வரியில் இருந்த ஆபத்து

இப்போது லோயர் ஆர்ம். இதுவும் கதைதான் என்ற முடிவோடுதான் கேட்டேன். டெக்னீஷியன் இடது சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டச் சொன்னார். சக்கரம் ‘டக் டக்’ என்று ஆடியது. லிவரைக் கொடுத்து நெம்பியபோது, லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்ட் மேலும் கீழும் அசைவது கண்ணுக்கே தெரிந்தது. ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வெளியேறி, உள்ளே மண் புகுந்திருந்தது. பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். மாமியார் வீட்டுக்கு அந்த வழியாகத்தான் நாங்கள் போய்வருகிறோம்.

என்னை உண்மையில் கோபப்படுத்தியது இதுதான். உடனே செய்தே ஆக வேண்டிய ஒரே வேலையை, எலி ஸ்பிரேக்கும் வாசனை மருந்துக்கும் கீழே போட்டிருந்தார்கள். போனில் பேசிய அட்வைசர் அதைச் சொல்லவே இல்லை. பட்டியலைப் பார்த்து எரிச்சலாகி, “எதுவுமே வேண்டாம், வண்டியைக் கொடுங்க” என்று எடுத்துக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர்! தேவையில்லாததைத் திணிப்பதால் பணம் போவது ஒரு பங்கு நஷ்டம்தான். உண்மையான எச்சரிக்கையையும் நாம் நம்பாமல் போவது பெரிய நஷ்டம். அதனால் முழுப் பட்டியலையும் நம்புவதும் தப்பு, முழுசாகத் தள்ளுவதும் தப்பு. ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக ஆதாரம் கேட்க வேண்டும். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், டயர் ஆகியவற்றில் சந்தேகம் தீராவிட்டால் வெளியே தெரிந்த மெக்கானிக்கிடம் அன்றைக்கே காட்டிவிடுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

வண்டியை விடும்போதும் எடுக்கும்போதும்

ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, கீறல்கள், உங்கள் புகார் எல்லாம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். புகாரை நீங்கள் சொன்ன மாதிரியே எழுதச் சொல்லுங்கள். ‘ஸ்பீடு பிரேக்கரில் இடது முன்பக்கம் சத்தம்’ என்று இருக்க வேண்டும், ‘ஜெனரல் செக்கப்’ என்று இருக்கக் கூடாது. கூடவே இரண்டு வரிகளையும் சேர்க்கச் சொல்வேன்: எஸ்டிமேட்டில் இல்லாத வேலையை எழுத்தில் சம்மதம் வாங்காமல் செய்யக் கூடாது, மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். பழைய பேட்டரியைக் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள், அதை மட்டும் விட்டுவிடலாம்.

போனில் ‘சரி’ சொல்லாதீர்கள். “வாட்ஸ்அப்பில் போடுங்க, பாத்துட்டுச் சொல்றேன்” என்பதுதான் பதில்.

பில்லை எஸ்டிமேட்டோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். லேபர் இரட்டிப்பாவது இங்கேதான். பிரேக் கிளீனிங், டயர் ரொட்டேஷன், வீல் பேலன்சிங் மூன்றுக்கும் சக்கரம் ஒருமுறைதான் கழற்றப்படுகிறது. கழற்றி மாட்டும் கூலியை மூன்றிலும் சேர்த்திருந்தால் கேளுங்கள். லோயர் ஆர்ம் மாற்றினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம் தேவை. ஆனால் முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் உள்ள பிரிண்ட் அவுட் வாங்குங்கள். ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ என்று மொத்தமாக ஒரு தொகை இருந்தால் அதில் என்னென்ன என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், முன்பு பலவற்றுக்கு 28 இருந்தது. பழைய கணக்கில் போட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

பணம் கட்டாமல் வண்டியைத் தரமாட்டார்கள். தகராறு தீரவில்லை என்றால் கட்டிவிட்டு, பில்லின் பிரதியில் ‘இன்னின்ன வரிகளுக்கு ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்’ என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளி மெக்கானிக்கிடம் போனால் வாரண்டி போய்விடுமா?

புது வண்டிக்காரர்களை மிரட்டும் வாசகம் இது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் தடுத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அந்த உத்தரவு சொன்ன ஒரு விஷயத்தை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: வெளியே பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது, தவறான பழுதுபார்ப்பால் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம். வாரண்டி காலத்தில் வெளியே போனால் பில்களைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்று: தயாரிப்பிலேயே பாதுகாப்புக் குறை இருந்தால் நிறுவனம் வண்டியைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்கான கட்டாயத் திரும்ப அழைப்பு விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. நிறுவனத்தின் இணையதளத்தில் சேசிஸ் நம்பரைப் போட்டு, உங்கள் வண்டி அதில் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு காசு கொடுங்கள்.

புகார் எங்கே?

முதலில் சர்வீஸ் மேனேஜருக்கு மின்னஞ்சல், நிறுவனத்தின் கஸ்டமர் கேருக்கு நகல். ஜாப் கார்டு, எஸ்டிமேட், பில், வாட்ஸ்அப் உரையாடல் நான்கையும் இணையுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. சர்வீஸ் முடிந்த சில நாட்களில் நிறுவனத்திலிருந்து போன் வரும், சேவைக்கு எத்தனை மார்க் என்று கேட்பார்கள். வண்டியைத் தரும்போதே “பத்துக்குப் பத்து போட்டுடுங்க மேடம்” என்று அட்வைசர் கெஞ்சுவது இதற்காகத்தான். அந்த மதிப்பெண் டீலர்ஷிப்பில் மேலிருந்து கீழ் வரை எல்லோரையும் சுடும். பில்லில் தவறு இருந்தால் அந்த போன் வருவதற்கு முன் திருத்தித் தரச் சொல்லுங்கள். திருத்தினால் முழு மார்க் கொடுங்கள். நான் கொடுத்தேன். எஸ்டிமேட்டில் நாற்பதாயிரமாக இருந்தது, வெளியே வாங்கிய இரண்டு டயரையும் சேர்த்து, அதில் பாதிகூட ஆகவில்லை. எஃப்.சி.யிலும் வண்டி முதல் தடவையிலேயே தேறியது. டெக்னீஷியனின் பெயரைத் தனியாகச் சொல்லிப் பாராட்டவும் செய்தேன். ஸ்கேலை வைத்து உண்மையைச் சொல்கிறவர்கள் அந்த ஒர்க்‌ஷாப்பில் நிலைத்தால்தான் அடுத்த முறை நமக்கு நல்லது.