மணற்படுகையும் குடிநீரும்

1955ஆம் ஆண்டு மழைக்காலத்தின் இறுதியில் யமுனையில் பெருவெள்ளம் வந்து வடிந்தது. வெள்ளம் வடிந்தபின் ஆறு பழைய வழியிலேயே ஓடவில்லை. மணல்திட்டுகள் இடம் மாறியதால், டில்லி நகருக்குக் குடிநீர் எடுக்கும் வஜீராபாத் நீரேற்று நிலையத்தை விட்டு நீரோட்டம் விலகிப்போயிற்று. அதற்குச் சற்றுக் கீழே ஆற்றில் கலந்துவந்த நஜப்கர் வாய்க்காலின் சாக்கடை நீர், ஆற்றோடு கீழ்நோக்கிச் செல்லாமல் மேல்நோக்கிப் பின்வாங்கி, நீரெடுக்கும் இடத்தையே எட்டிவிட்டது. நவம்பர் மாதத்தில் ஏறக்குறைய ஒரு வார காலம் இந்த நிலை நீடித்தது.

நீர் கெட்டிருப்பதைச் சுத்திகரிப்பு நிலையத்தார் உடனே அறிந்துகொண்டனர். படிகாரத்தின் அளவைக் கூட்டினர்; குளோரினையும் கூட்டினர். அதன் பயன் ஓரளவு கிடைக்கவே செய்தது. அந்த மாதங்களில் டில்லியில் டைபாய்டும் சீதபேதியும் வழக்கத்துக்கு மேல் பெருகவில்லை. ஆனால் டிசம்பர் தொடங்கியதும் காமாலை பரவலாயிற்று. 1956 ஜனவரி முடிவதற்குள் கண்ணும் தோலும் மஞ்சளித்து நோயுற்றோர் தொகை சுமார் 29,300 என்று கணக்கிடப்பட்டது. கருவுற்ற பெண்களுள் இறந்தோர் விகிதம் ஏனையோரைக் காட்டிலும் மிகுந்திருந்தது. சாக்கடை கலந்த வாரத்துக்கும் நோய் மிகுந்த நாட்களுக்கும் இடையே ஐந்தாறு வாரங்கள் இருந்தமையால், நோய் வந்த வழி தண்ணீரே என்பது ஐயமின்றித் தெளிவாயிற்று. அந்நோய்க்குக் காரணமான வைரஸ் எது என்பது மட்டும் நெடுங்காலம் விளங்கவில்லை. பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த இரத்த மாதிரிகளை 1980இல் மீண்டும் ஆராய்ந்தபோது, அதுவரை அறியப்பட்டிருந்த காமாலை வைரஸ்கள் எவற்றையும் சேராதது அது எனத் தெரிந்தது. இன்று அதனை ஹெபடைடிஸ் 'இ' என்று அழைக்கிறார்கள்.

பாக்டீரியாக்களைத் தடுத்துவிட்ட ஒரு சுத்திகரிப்பு முறை வைரஸைத் தடுக்காமற்போனது ஏன்? இதை விளங்கிக்கொள்ள, நீரை வடிக்கும் மணலைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

மணல் வடிகட்டிகளில் இருவகை உண்டு. டில்லியில் பயன்பட்டது விரைவு மணல் வடிகட்டி. படிகாரம் இட்டு, நீரிலுள்ள கலங்கலைத் திரளச்செய்து, படியவைத்து, எஞ்சியதைப் பருமணலின் வழியே மணிக்கு 5 மீட்டர் அளவிலான வேகத்தில் வடிப்பது இம்முறை. இங்கே மணல் செய்யும் வேலை பெரும்பாலும் திரளைகளைப் பிடித்து நிறுத்துவதே. கிருமிகளைக் கொல்லும் பொறுப்பு முழுவதும் கடைசியில் சேர்க்கப்படும் குளோரினைச் சார்ந்தது. மற்றது இதனினும் பழமையான மெதுவான மணல் வடிகட்டி. இதில் படிகாரம் இல்லை. பொறிகளும் மிகக் குறைவு. நீர் மணிக்கு 10 முதல் 20 சென்டிமீட்டர் வேகத்திலேயே இறங்குகிறது. எறும்பு ஊர்வது போன்ற வேகம் என்று சொன்னாலும் மிகையே. எறும்பு இதைவிட விரைவாக ஊரும்.

ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்னும் ஊரில் ஜான் கிப் என்பவர் 1804இல் தம் சலவைத் தொழிற்சாலைக்கென மணலால் நீரை வடித்து, மிகுந்த நீரை ஊராருக்கு விற்றார். 1829இல் ஜேம்ஸ் சிம்ப்சன் என்ற பொறியியலார் லண்டனின் செல்சீ நீர்க் கம்பெனிக்காகத் தேம்ஸ் நீரை வடிக்கும் பெரிய மணற்படுகையை அமைத்தார். நோய்கள் கிருமிகளால் உண்டாகின்றன என்பதை உலகம் அப்போது அறிந்திருக்கவில்லை. நீரைப் பார்வைக்குத் தெளிவாக்குவதே அவர்கள் நோக்கம். நம் நாட்டில் கல்கத்தாவுக்கு நீர் தந்த பல்தா நிலையத்திலும், 1914இல் சென்னையில் மேட்லியின் திட்டப்படி எழுந்த கீழ்ப்பாக்கம் நிலையத்திலும் இம்முறையே கையாளப்பட்டது.

மணல் ஒரு சல்லடைபோல் வேலை செய்வதாகவே எவரும் முதலில் எண்ணுவர். கணக்கிட்டுப் பார்த்தால் அந்த எண்ணம் நிலைக்காது. இவ்வகைப் படுகைக்கு உரிய மணலின் குறுக்களவு ஏறத்தாழ 0.15 முதல் 0.35 மில்லிமீட்டர். அம்மணிகளுக்கு இடையிலுள்ள இடுக்கு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு அளவினது. பாக்டீரியாவோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காமாலை வைரஸ் அதனினும் பன்மடங்கு சிறியது. மணலின் இடுக்கு அதைப்போல் ஆயிரம் மடங்கு அகலமானது. ஊர்க்கோயிலின் கோபுர வாசலை அடைத்து வைத்து எறும்பைத் தடுக்க முயல்வதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. ஆயினும் முதிர்ந்த படுகை நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பாக்டீரியாக்களை நீக்கிவிடுகிறது. அப்படியாயின் நீக்குவது எது?

புதிதாக மணல் இட்ட படுகையில் ஆற்றுநீரைச் செலுத்தினால் தொடக்கத்தில் பெரும்பயன் ஒன்றும் இராது. நாட்கள் செல்லச் செல்ல மணலின் மேற்பரப்பில் வழவழப்பான மெல்லிய படலம் ஒன்று உண்டாகிறது. பாசிகள், பாக்டீரியாக்கள், அவற்றைத் தின்று வாழும் ஓரணு உயிர்கள், நுண்புழுக்கள் ஆகியன நிறைந்த உயிர்ப்படலம் அது. படலத்தின் கீழும் மணிகள் ஒவ்வொன்றின்மேலும் இத்தகைய பசை படிந்து, அரை மீட்டர் ஆழம் வரையிலும் உயிர்கள் குடியேறுகின்றன. ஒரு கன மீட்டர் நுண்மணலில் உள்ள மணிகளின் மேற்பரப்பை எல்லாம் விரித்து வைத்தால் ஏறத்தாழ 15,000 சதுர மீட்டர், அதாவது மூன்றே முக்கால் ஏக்கர் அளவு பரப்பு ஆகும். நீர் இந்தப் பரப்பைத் தொட்டுத் தொட்டே இறங்குகிறது. நோய்க்கிருமி எங்கேனும் ஓரிடத்தில் பசையில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியபின் உணவின்றி மடிகிறது, அல்லது மற்றோர் உயிருக்கு உணவாகிறது. 1970களில் லண்டனில் போலியோ வைரஸைக் கொண்டு நடத்திய சோதனைகளில், முதிர்ந்த படுகைகள் அதையும் நூற்றுக்கு 99க்கு மேல் நீக்கின. நீர் குளிர்ந்திருந்த காலத்தில் இத்திறன் குறைந்தது. உயிர்கள் செய்யும் வேலை என்பதற்கு அதுவே சான்று.

வேகம் ஏன் இவ்வளவு குறைவாக இருத்தல் வேண்டும் என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஒட்டுவதற்கும் உண்பதற்கும் நேரம் வேண்டும். 1892இல் எல்பே ஆற்றங்கரையில் ஹாம்பர்க் நகரில் காலரா பரவி 8,600 பேர் அளவில் மாண்டனர். அந்நகரம் ஆற்றுநீரை வடிக்காமலேயே வழங்கிவந்தது. அதை அடுத்து, ஆற்றின் கீழ்ப்புறத்தில் இருந்த ஆல்டோனாவோ ஹாம்பர்க்கின் சாக்கடையும் கலந்த நீரையே எடுத்தது. ஆனால் மணற்படுகையில் மெதுவாக வடித்து வழங்கியது. அங்கே காலரா பரவவில்லை. இரு நகரங்களும் ஒரே தெருவில் சந்தித்த இடத்தில், ஒரு சாரியில் நோயும் மறு சாரியில் நலமுமாக இருந்தது. இதனை ஆராய்ந்த ராபர்ட் காக், மணிக்கு 100 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வடித்தல் கூடாது என்றும், வடித்த நீரில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 100 பாக்டீரியாக்களுக்கு மேல் இருத்தல் கூடாது என்றும் விதி வகுத்தார்.

ஆல்டோனா தப்பியதுபோல், இத்தகைய படுகை இருந்திருந்தால் 1955இல் டில்லியும் தப்பியிருக்குமா? ஆம் என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் படுகையில் உள்ள உயிர்களுக்கும் மூச்சு வேண்டும் என்பதை மறத்தலாகாது. அவை நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைக் கொண்டே வாழ்கின்றன. சாக்கடை நீரில் அம்மோனியா மிகுதி. படுகையிலுள்ள ஒருவகை பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றவல்லவை; ஆனால் நைட்ரஜன் கணக்கில் ஒரு மில்லிகிராம் அம்மோனியாவை மாற்ற நாலரை மில்லிகிராம் பிராணவாயு செலவாகும். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் தாங்கக்கூடிய பிராணவாயுவோ சுமார் 8 மில்லிகிராம். ஆகவே லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் அம்மோனியா இருப்பின் படுகை மூச்சுத் திணறும். ஆற்றுநீரில் பத்தில் ஒரு பங்கு சாக்கடை கலந்தாலே இந்த எல்லை கடந்துவிடும். பிறகு உயிர்கள் மடிந்து, படுகையே நாற்றமடிக்கும் சேறாகிவிடும். எல்பே பெரிய ஆறு. ஹாம்பர்க்கின் கழிவு அதில் மிகுதியாக நீர்த்துப்போயிற்று. வஜீராபாத்தில் அன்று தேங்கி நின்ற நீர் அத்தகையதன்று.

அதே அம்மோனியாதான் குளோரினையும் விழுங்கியது. ஒரு பங்கு அம்மோனியாவுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு குளோரின் இட்டாலன்றிக் கட்டற்ற குளோரின் நீரில் எஞ்சாது. அதற்குக் குறைவாக இட்டால், அம்மோனியாவோடு கூடிய குளோரினே நீரில் நிற்கும். இது நேரம் கொடுத்தால் பாக்டீரியாக்களைக் கொல்லும். வைரஸ்களிடம் அதன் வலிமை மிகவும் சொற்பம். டைபாய்டு பெருகாமல் காமாலை மட்டும் பெருகியதற்கு இதுவே பொருத்தமான விளக்கம். 1959இல் வஜீராபாத்தில் ஆற்றின் குறுக்கே அணை எழுந்து, குடிநீர் தேங்கும் இடத்துக்கும் வாய்க்கால் கலக்கும் இடத்துக்கும் இடையே நிலையான தடுப்பு உண்டாயிற்று. எனினும் மேற்புறத்திலிருந்தே கழிவு வரத் தொடங்கிய பின்னர், அம்மோனியா லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவைத் தாண்டும் நாட்களில் வஜீராபாத், சந்திராவல் நிலையங்கள் நீர் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ள நேர்கிறது.

மாநகரங்கள் மெதுவான முறையைக் கைவிட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீரைக் காக்கின் வேகத்தில் வடிக்க நாலு ஹெக்டேருக்கு மேல் மணற்பரப்பு வேண்டும். விரைவு முறைக்கு அதில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். மேலும் மழைக்காலத்து யமுனையின் வண்டல் நேராகப் படுகையில் இறங்கினால் சில நாட்களிலேயே அது அடைத்துக்கொள்ளும். கலங்கல் 10 அலகுக்கு உட்பட்ட நீரே இதற்கு ஏற்றது. எனினும் லண்டன் இன்றளவும் மணற்படுகைகளை விட்டுவிடவில்லை. அங்கே ஆற்றுநீர் முதலில் பெரிய தேக்கங்களில் நாட்கணக்கில் நின்று தெளிந்த பின்னரே படுகைக்கு வருகிறது.

சிற்றூர்களின் கணக்கு வேறு. 5,000 மக்களுக்கு நாளும் ஆளுக்கு 40 லிட்டர் வழங்க 85 சதுர மீட்டர் மணற்பரப்பு போதும். நிலமும் கையுழைப்பும் கிடைக்கும். படிகாரமும் தேர்ந்த பொறியாளரும் கிடைப்பதுதான் அரிது. 1958இல் நாகபுரியில் நிறுவப்பெற்று, பின்னர் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் எனப் பெயர் மாறிய ஆராய்ச்சி நிலையம், 1970களின் பிற்பகுதியில் இம்முறையை மீண்டும் ஆராய்ந்தது. ஹரியானாவில் அபூப் ஷஹர், மகாராஷ்டிரத்தில் போருஜ்வாடா, ஆந்திரத்தில் போதுனூரு, தமிழ்நாட்டில் கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த காமயகவுண்டன்பட்டி ஆகிய ஊர்களில் முன்மாதிரி நிலையங்கள் அமைந்தன.

அவ்வாராய்ச்சியில் வெளிப்பட்ட ஒரு செய்தி நம் நாட்டு நிலைமைக்கு மிகவும் இன்றியமையாதது. சிற்றூர்களில் மின்சாரம் சில மணி நேரமே இருக்கும். பம்பு நின்றால் வடிகட்டியையும் மூடிவிடுவது வழக்கம். அசையாமல் நின்ற நீரில் பிராணவாயு தீர்ந்துபோய், மறுநாள் திறக்கும்போது வரும் நீரில் பாக்டீரியாக்கள் பெருகியிருப்பதைக் கண்டனர். இதற்குக் கண்ட வழி செலவில்லாதது: பம்பு நின்றாலும் வெளிவாயிலைத் திறந்தே வைப்பது. மணலின்மேல் நிற்கும் ஒரு மீட்டர் நீர், இரவு முழுவதும் வேகம் குறைந்துகொண்டே வடிந்துவரும். நீரின் தரமும் கெடுவதில்லை. மூடிவைப்பதைச் சிக்கனம் என்று எண்ணிய இடங்களில் இதை ஏற்கச்செய்வதே கடினமாக இருந்திருக்கும்.

படுகையின் அமைப்பு எளியது. அடியில் வடிகால் குழாய்கள், அவற்றின்மேல் சரளைக்கல், அதன்மேல் ஒரு மீட்டர் அளவு மணல், மணலின்மேல் ஒரு மீட்டர் நீர். வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்துப் படலம் தடித்து நீர் இறங்குவது தடைப்படும்போது, நீரை மணல்மட்டத்துக்குச் சற்றுக் கீழ்வரை வடித்துவிட்டு, மேல்மணலை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மட்டும் தட்டையான மண்வெட்டியால் சீவி எடுப்பர். சீவிய மணலைக் கழுவிச் சேமித்து வைப்பர். பலமுறை சீவி, மணலின் ஆழம் அரை மீட்டர் அளவுக்குக் குறைந்தால் அதை மீண்டும் இடவேண்டும். நீரை மீண்டும் விடும்போது கீழிருந்து மேலாக, வடித்த நீரையே விடுதல் வேண்டும். இல்லையேல் மணலுக்குள் காற்று சிக்கிக்கொள்ளும். புதிய படலம் உண்டாகும்வரை, முதல் ஓரிரு நாட்களின் நீரைக் குடிநீரில் சேர்க்காமல் வெளியே விட்டுவிடுவதே முறை. பற்றாக்குறை காலத்தில் இவ்விதி மீறப்படுவதுண்டு. முறையின்மீது வரும் பழிகளுள் பல அந்த இரண்டு நாட்களில் விளைந்தவை. எவ்வளவு நன்றாக வடித்தாலும், குழாய்களில் செல்லும் நீருக்குச் சிறிதளவு குளோரின் வேண்டியதே.

டில்லியிலும் மணலின் இந்த வேலை அறவே நின்றுவிடவில்லை. நகரின் வடக்கெல்லையில், யமுனை ஓரளவு தூய்மையாக நுழையும் பல்லா என்னுமிடத்தில், வெள்ளச் சமவெளியில் இறக்கப்பட்ட குழாய்க் கிணறுகள் நகருக்கு நீர் தருகின்றன. மழைக்காலத்து வெள்ளம் மணற்பரப்பின் ஊடே இறங்கி அக்கிணறுகளை நிரப்புகிறது. வேகம் இங்கே மணிக்கணக்கில் அன்று, நாட்கணக்கில். தெற்கே, ஆறு கழிவால் கறுத்து ஓடும் பகுதிகளில் கரையோர மணலும் அதே மணல்தான். ஆனால் அங்கே நிலத்தடி நீரிலும் அம்மோனியா காணப்படுகிறது.