வலி வருமுன் ஒரு கரை கட்டிக்கொள்

எம்.ஆர்.ஐ. எடுக்கணும்னு டாக்டர் எழுதிக் கொடுத்ததிலிருந்து தூக்கமே இல்லைக்கா என்று போனில் அழுதாயே, தங்கச்சி. போன வருஷம் இடுப்பு வலிக்கு நானும் அந்தக் குழாய்க்குள் படுத்தவள்தான். அன்றைக்குக் கைகொடுத்தது நம்ம பீர்க்கன்கரணை ஏரி.

கண்ணை மூடி, மனசால் விடியற்காலை ஏரிக்கரைக்குப் போனேன். 'ஏரி' என்று பொத்தாம்பொதுவாக நினைத்தால் பயம் மறுபடி நுழைந்துவிடும். செருப்பைக் கழற்று. விரலிடுக்கில் ஈர மண் ஏறட்டும். பாசி வாசனை வரட்டும். ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு அடுத்த காலை எப்போது ஊன்றுகிறது என்று பார்த்துக்கொண்டே இரு. மெஷின் 'டக்டக்'கென்று அடிக்கும்போது அதை விரட்டாதே. பெருங்களத்தூரைத் தாண்டும் ரயில் என்று வைத்துக்கொள். சத்தமும் உன் காட்சிக்குள் வந்துவிடும்.

மனசில் இப்படி ஒரு இடத்தை எழுப்புவது புதிதில்லை. பணமில்லாத திருநின்றவூர் பூசலார் நாயனார் மனசிலேயே அஸ்திவாரம் போட்டு, கிணறு தோண்டி, மதில் எழுப்பிக் கோயில் கட்டினார் என்கிறது பெரியபுராணம். திருநின்றவூரில் உள்ள இருதயாலீஸ்வரரிடம் இன்றும் இதய நோயாளிகள் வேண்டிக்கொள்ள வருகிறார்கள். பூசலார் ஒரே நாளில் கட்டிவிடவில்லை. நீயும் இன்று ராத்திரியே ஆரம்பி. வலியில்லாத நேரத்தில் தினமும் பத்து நிமிஷம். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும்.

பயத்துக்கு மட்டுமில்லை, வலிக்கும் இது கைகொடுக்கும். வலிச் செய்தி முதுகுத்தண்டில் ஒரு கதவைத் தாண்டித்தான் மூளைக்குப் போகிறது என்று 1965-இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். கவனமும் மனநிலையும் அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்த முடியும். கொஞ்சம்தான். மாத்திரையை நிறுத்தாதே. நெஞ்சு வலித்தால் கற்பனை வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

இதை அடுத்தவருக்குச் சொல்லும்போது இடத்தை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். 2015 வெள்ளத்தில் முடிச்சூரில் மொட்டை மாடியில் தவித்தவளிடம் ஏரியைச் சொல்லலாமா? அவளுக்குப் பாட்டி வீட்டுத் திண்ணை சரிப்படலாம்.

பயம் பல நாள் விடாமல் பிடித்தால் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடு. இலவசம், தமிழிலேயே பேசலாம். ஸ்கேன் அறையில் கையில் ஒரு ரப்பர் பந்து தருவார்கள். தாங்க முடியவில்லையென்றால் அழுத்து, வந்துவிடுவார்கள். நான் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பேன்.