புல்டோசருக்கு முன்னால் படுத்தவர்

கேள்வி: பாலைவனத்தில் வாழ்ந்தபடியே ஓர் அரசாங்கத்தைப் பணியவைத்த பெண் யாராவது உண்டா?

பதில்: உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவின் கோகதா பழங்குடியைச் சேர்ந்த ஐலீன் வானி விங்ஃபீல்ட். இளவயதில் அப்பாவோடு ஆடுமாடு ஓட்டிப் பிழைத்தவர். 1980களின் தொடக்கத்தில் ராக்ஸ்பி டவுன்ஸ் யுரேனியம் சுரங்கத்தை எதிர்த்து, புல்டோசர்களுக்கு முன்னால் தரையில் படுத்துவிட்டார்!

1998இல் அணுக்கழிவைப் புதைக்க மத்திய அரசு கண்வைத்ததும் அதே பாலைவனத்தின் மீதுதான். 1953இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் எமு ஃபீல்டில் பிரிட்டன் வெடித்த அணுகுண்டின் கரும்புகையை மறக்காத கூபர் பீடி ஊர் மூதாட்டிகள் சும்மா இருப்பார்களா? அவர்களில் விங்ஃபீல்டும் ஐலீன் கம்பகுட்டா பிரவுனும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். 2003இல் இருவருக்கும் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

2004 ஜூலையில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. அரசுக்கு எதிரான நீதிமன்றத் தீர்ப்பும், நெருங்கிவந்த தேர்தலும் அதற்குக் கைகொடுத்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.