ஊர்ப்புதினம் சொல்லுங்கள்



களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டினால் படுவான்கரை. வாவியும் வயல்வட்டைகளும் சூழ்ந்த அந்தக் கரையில் உள்ளது பழுகாமம். மட்டக்களப்பின் மற்றக் கிராமங்களைப் போலவே அங்கும் பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்ட வீடுகள் உண்டு. அத்தகைய வீடொன்றை எண்ணிப் பாருங்கள். குவைத்தில் வீட்டுவேலை செய்யும் மகள் தொலைபேசியில் அழைக்கிறாள்.

“எப்படியம்மா சுகம்?”

“சுகந்தான் மகள். காசு எப்ப போடுவாய்?”

இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடுகிறது. மாதந்தோறும் மகள் காசு தருகிறாள். வீடு அவளுக்கு என்ன தருகிறது? இதுவே இன்றைய பாடம்.

அயர்லாந்துக் கிராமங்களைப் பாருங்கள். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து கொடிய பஞ்சம் தொடங்கியது. ஏறக்குறையப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதற்கும் கூடுதலானோர் கப்பலேறினர். அமெரிக்கா போகிறவனை வழியனுப்பும் இரவில், செத்தவீட்டில் விழித்திருப்பதுபோல் அயலவர் கூடி விழித்திருப்பார்கள். இனி அவனைக் காணமாட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியும். அதன்பின் கடிதமே உறவு. அங்கிருந்து வரும் கடிதத்தில் பணம் இருக்கும். இங்கிருந்து போகும் கடிதத்தில் பயிர், மாடு, கலியாணம், மரணம் என்று ஊர்ப்புதினம் இருக்கும். ஏழைவீடு கொடுக்கக்கூடிய பெருங்கொடை அதுவே.

நமக்கும் இது புதிதல்ல. 1978 நவம்பர் 23இல் சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தபோதும், 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோதும், தூரத்தில் இருந்தவர்கள் ஒரு வரிச் செய்திக்காகத் தவித்தார்கள். இன்று தொலைபேசி கையில் இருக்கிறது. ஆனால் செய்தி குறைந்துவிட்டது. இதைச் சீர்செய்ய நான்கு வழிகளைக் கவனியுங்கள்.

1. சிறியவற்றைச் சொல்லுங்கள். மாரிமழை பிந்தியதா? பெரும்போக வெள்ளாமை கதிர் தள்ளிவிட்டதா? வட்டைக்குள் யானை இறங்கியதா? முகத்துவாரம் வெட்டினார்களா? பசு கன்று ஈன்றதா? திரௌபதையம்மன் கோயில் தீமிதிப்புக்கு யார் யார் வந்தார்கள்? ஆயித்தியமலை மாதா திருவிழாவுக்கு அயலில் யார் போனார்கள்? “எல்லாம் சுகம்” என்ற சொல்லில் இவை ஒன்றும் இல்லை. இவற்றைக் கேட்கும்போதுதான் அவள் சற்றுநேரம் தன் வீட்டு முற்றத்தில் இருப்பாள்.

2. துன்பத்தை மறைக்காதீர்கள். “பாவம், தனியே இருக்கிறாள்” என்று தகப்பனின் நோயை ஒளிக்கிறோம். பிறகு அயலவர் ஒருவர் வாயால் அது அவள் காதுக்கு எட்டுகிறது. அன்றிலிருந்து நீங்கள் “சுகம்” என்று சொன்னாலும் அவள் நம்பமாட்டாள். இரவெல்லாம் கண்விழித்துக் கிடப்பாள். ஆகவே உண்மையைச் சொல்லுங்கள். பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். என்ன நடந்தது, வைத்தியர் என்ன சொன்னார், இப்போது யார் பார்க்கிறார்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள். மரணச் செய்தியென்றால், நெருங்கிய உறவினருக்குச் சொல்லுமுன் முகநூலில் படம் போடாதீர்கள்.

3. காசுக்குக் கணக்குச் சொல்லுங்கள். அனுப்பிய பணத்தில் கூரைக்கு எவ்வளவு, பிள்ளைகளின் படிப்புக்கு எவ்வளவு, நுண்கடன் தவணைக்கு எவ்வளவு என்று அவள் கேட்குமுன் நீங்களே சொல்லுங்கள். புதுக்கடன் பட்டிருந்தால் அதையும் ஒளிக்காதீர்கள். அது அவளுடைய வியர்வை.

4. நேரம் அறிந்து பேசுங்கள். நமக்கு இரவு 9.30 மணி என்றால் குவைத்தில் மாலை 7 மணி. வேலைக்காரப் பெண்ணுக்கு அப்போது ஓய்வு இருக்காது. நமக்குக் காலை 7 மணி என்றால், குளிர்காலத்தில் ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 8.30 மணி. எந்த நேரம் வசதி என்று அவர்களிடமே கேளுங்கள். தாய் அங்கே, பிள்ளை இங்கே என்றால் தொலைபேசியை முதலில் பிள்ளையின் கையில் கொடுங்கள். பள்ளிக்கூடக் கதையை அவன் வாயாலேயே தாய் கேட்கட்டும்.

குடும்பமாகச் செய்து பாருங்கள்

இரண்டாம் உலகப் போரில் எதிரி நாடுகளில் பிரிந்து கிடந்த உறவினர்கள், செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் 25 சொற்களுக்கு மேற்படாமல் குடும்பச் செய்தி அனுப்பினார்கள். வரும் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், வீட்டில் ஒவ்வொருவரும் தூரத்தில் உள்ள உறவினருக்கு 25 சொற்கள் எழுதுங்கள். காசு என்ற சொல் அதில் வரக்கூடாது. எழுதியதை எல்லாரும் கேட்க வாசியுங்கள். பின்பு இவற்றைச் சிந்தியுங்கள்:

அவர்களிடம் நாம் மறைத்து வைத்திருப்பது என்ன?

கடைசியாக அவர்களுடைய சுகத்தை நாம் உண்மையாகக் கேட்டது எப்போது?

“நீ சாப்பிட்டாயா மகள்?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள். சிலவேளை அந்தப் பதில் அழுகையாக வரும். அப்போதும் தொலைபேசியை வைத்துவிடாதீர்கள்.