வரவேற்புக்குக் குளிர்பானம்: பாட்டிலா, ஊற்றிக் கொடுப்பதா, மெஷினா?

முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் மளிகைக் கடைக்குக் கல்யாணச் சாமான் லிஸ்ட் வருகிறது. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் எழுதி, கடைசி வரியில் "ரிசப்ஷனுக்குக் கலர்" என்று ஒரு சொல் மட்டும் இருக்கும். எத்தனை, எந்த அளவு, யார் குளிர வைப்பது, காலி பாட்டில் யார் பொறுப்பு என்று ஒன்றும் இருக்காது. பருப்பில் வருகிற லாபம் இந்த ஒரு வரியில் போய்விடுவதும் உண்டு. ஆகவே ஆர்டர் எடுக்கும்போதே நாம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

சில இடங்களில் "அண்ணாச்சி, பீரும் சேர்த்து ஏற்பாடு பண்ணுங்க" என்று பையன்கள் வந்து நிற்பார்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை டாஸ்மாக்கிடம் மட்டுமே. திருமண மண்டபங்களில் பரிமாறவும் உரிமம் தரலாம் என்று 2023-ல் வந்த அறிவிப்பு, எதிர்ப்பு எழுந்ததும் மண்டபங்களுக்குக் கிடையாது என்று திருத்தப்பட்டது. நமக்கு அந்தப் பேச்சே வேண்டாம். கலரோடு நிற்போம்.

முதல் முறை, 200 மி.லி. கண்ணாடி பாட்டில். ஒரு கிரேட்டுக்கு 24. விருந்தாளி கையில் கொடுத்தால் மரியாதையாக இருக்கும், கலப்படச் சந்தேகம் கிடையாது, கணக்கும் எளிது. 600 பேருக்கு 25 கிரேட். ஆனால் குழந்தைகள் பாதி குடித்து நாற்காலிக்கு அடியில் வைத்துவிடுவார்கள். காலி பாட்டில்தான் இதில் உண்மையான பணம். மறுநாள் காலிக் கிரேட் திரும்பாவிட்டால் ஏஜென்ட் நிறை கிரேட் இறக்கமாட்டார். அடுத்த முகூர்த்த ஆர்டர் நின்றுபோகும். ஆகவே நம் ஆள் ஒருவர் பந்தி முடியும் வரை மண்டபத்தில் இருந்து, அன்றிரவே பெண் வீட்டாரின் பொறுப்பாளர் முன் எண்ணி, உடைந்தது, வாய் சிதைந்தது எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். காலையில் போனால் மண்டபத்துக்காரர் கூட்டித் தள்ளியிருப்பார்.

இரண்டாவது, 2 லிட்டர் பாட்டிலை டம்ளரில் ஊற்றிக் கொடுப்பது. 150 மி.லி. வீதம் 13 டம்ளர் வரும். நுரை, சிந்தல் போக 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 பேருக்கு 50 பாட்டில். காலி பாட்டில் தொல்லை இல்லை, செலவும் குறைவு. ஆனால் டம்ளர் எங்கே என்று கேளுங்கள். 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் பிளாஸ்டிக் கப், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் எல்லாம் தடை. கடையில் வைத்து விற்றால் அபராதம் நமக்குத்தான். மண்டபத்து எவர்சில்வர் டம்ளர் போதுமான எண்ணிக்கையில் இருந்து, கழுவவும் ஆள் இருந்தால் மட்டும் இந்த முறையைச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலின் சுவர் வழியாக வாயு மெல்லக் கசியும். கண்ணாடிக்கு அந்தக் குறை இல்லை. எனவே தேதி பார்த்துப் புதுச் சரக்கே அனுப்புங்கள். பரிமாறுகிறவர் பத்துப் பாட்டிலை ஒரே சமயத்தில் திறந்து வைத்தால் கடைசிப் பாட்டில் வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான். டம்ளரைச் சாய்த்து ஓரமாக ஊற்றச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, மெஷின். சிரப் ஒரு பங்கு, குளிர்ந்த சோடாத் தண்ணீர் ஐந்து பங்கு. 10 லிட்டர் சிரப்பில் 60 லிட்டர் பானம். ஆயிரம் பேருக்கு மேல் என்றால் யோசிக்கலாம். கரன்ட் போனால் நிற்கும், தண்ணீர் சூடானால் வாயு பிடிக்காது, வரிசை நீளும். சின்ன ஊர் மண்டபத்துக்கு நான் சிபாரிசு செய்வதில்லை.

எந்த முறையானாலும் குளிர்ச்சிதான் பேர் வாங்கித் தருவது. வெதுவெதுப்பான பாட்டிலைத் திறந்தால் பட்டுப்புடவை மேல் நுரை பாயும். சூட்டில் வாயு திரவத்தில் தங்காது. கணக்குப் பாருங்கள். ஒரு கிரேட்டில் 4.8 லிட்டர் பானம். 32 டிகிரியிலிருந்து 7 டிகிரிக்கு இறக்க 120 கிலோ கலோரி வெப்பம் எடுக்க வேண்டும். கண்ணாடிக்கும் சேர்த்தால் 160 வரும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 எடுக்கும். ஆக, குறைந்தது 2 கிலோ. காற்றிலும் அண்டாவிலும் வீணாவதைச் சேர்த்துக் கிரேட்டுக்கு 5 கிலோ என்று எழுதுங்கள். 25 கிரேட்டுக்கு 125 கிலோ. வெறும் ஐஸில் புதைப்பதைவிட ஐஸும் தண்ணீரும் கலந்த அண்டாவில் மூழ்க வைத்தால் சீக்கிரம் குளிரும், ஏனென்றால் தண்ணீர் பாட்டிலைச் சுற்றிலும் தொடும். அரைமணி நேரம் போதும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் போடாமல் இரண்டு ஈடாகப் போட்டால் அண்டாவும் குறைவு. ஐஸ் பாளத்தை நிழலில் கோணிப்பை மூடி வைக்கவும். மீன் போடுகிற ஐஸ் டம்ளருக்குள் போகவே கூடாது. வெளியே குளிர வைத்தாலும் பாட்டில் வாயைச் சுத்தமான துணியால் துடைத்துத் திறக்க வேண்டும்.

சரக்கு தேர்விலும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் வாயு ஏற்றிய பானங்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம் (முன்பும் 28-ம் 12 செஸ்ஸும் சேர்ந்து அதே 40தான்). வாயு இல்லாத பழச்சாறு பானத்துக்கு 12 சதவீதம் 5 ஆகக் குறைந்தது. பெரியவர்களுக்கு மாம்பழச் சாறு, இளைஞர்களுக்குக் கலர் என்று பிரித்துச் சொன்னால் பெண் வீட்டாருக்குச் செலவு இறங்கும். 2017 மார்ச் 1 முதல் நம் வணிகர் சங்கங்கள் வெளிநாட்டுக் கோலாக்களை விற்பதில்லை என்று முடிவு செய்தபோது உள்ளூர்ப் பானங்களுக்குப் புது மவுசு வந்தது நினைவிருக்கும். 1916-ல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் போல ஊர் அறிந்த பெயரும், பன்னீர் சோடாவும் வரவேற்பில் வைத்தால் வயதானவர்கள் தேடி வந்து குடிக்கிறார்கள். வாசலருகே நன்னாரி சர்பத் மேஜை ஒன்று போடச் சொல்லலாம்; சிரப், எலுமிச்சை, சோடா மூன்றும் நம் கடைச் சரக்கு.

பில்லில் ஐந்து விஷயம் இருக்கட்டும்: திறக்காத பாட்டில் எத்தனை நாளில் திரும்ப எடுப்போம், காலி பாட்டிலுக்கு முன்பணம், உடைந்தால் விலை, ஐஸும் ஆள்கூலியும் தனி வரியில், மீதித் தொகை எப்போது. "கூலிங்" என்று சொல்லி எம்.ஆர்.பி.க்கு மேல் பாட்டிலுக்கு விலை ஏற்றக்கூடாது. அது சட்டப்படி குற்றம். முன்பணத்தைக் காலி பாட்டில் எண்ணி முடித்த அன்றே திருப்பிக் கொடுங்கள், அடுத்த தங்கை கல்யாணத்துக்கும் அதே வீட்டிலிருந்து லிஸ்ட் வரும்.