மேடு பள்ளம் தாண்டி ஒரு பந்தயம்

ஓட்டப் பந்தயம் பார்த்திருப்பீர்கள். மைதானத்தில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். தரை சமமாக இருக்கும். அவரவர் கோட்டுக்குள் ஓடுவார்கள்.

இன்னொரு வகை ஓட்டமும் உண்டு. அதில் கோடு கிடையாது. சமமான தரையும் கிடையாது. புல்வெளி, சேறு, மேடு, பள்ளம் எல்லாவற்றையும் தாண்டி ஓட வேண்டும். இதற்குக் 'கிராஸ் கன்ட்ரி' ஓட்டம் என்று பெயர். பல நாட்டு வீரர்கள் கூடி ஓடும் கிராஸ் கன்ட்ரி பந்தயம் ஒன்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியது. அது யாருக்காகத் தொடங்கியது? பிறகு யார் யார் வந்து சேர்ந்தார்கள்? அந்தக் கதையைப் படிப்போம்.

விளையாட்டாகப் பிறந்தது

19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பள்ளிகளில் ஒரு விளையாட்டு இருந்தது. ஒன்றிரண்டு மாணவர்கள் முதலில் ஓடுவார்கள். வழியெங்கும் காகிதத் துண்டுகளைத் தூவிக்கொண்டே போவார்கள். மற்றவர்கள் அந்தக் காகிதத்தைப் பார்த்துத் துரத்துவார்கள். முன்னால் ஓடுபவர் முயல். துரத்துபவர் வேட்டை நாய். இந்த விளையாட்டிலிருந்துதான் கிராஸ் கன்ட்ரி ஓட்டம் வளர்ந்தது.

முதல் பந்தயம்

1903-ஆம் ஆண்டு மார்ச் 28. ஸ்காட்லாந்தில் ஹாமில்டன் என்னும் ஊர். அங்கே உள்ள குதிரைப் பந்தயத் திடலில் முதல் பந்தயம் நடந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் ஆகிய நான்கு நாடுகள் மட்டுமே கலந்துகொண்டன. நான்கும் பக்கத்துப் பக்கத்து நாடுகள். ஓட வேண்டிய தூரம் 8 மைல். அதாவது, ஏறத்தாழ 13 கிலோமீட்டர்.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ஷ்ரப் முதலில் வந்தார். அடுத்த ஆண்டும் அவரே வென்றார்.

1907-இல் பிரான்ஸ் சேர்ந்தது. அந்நாட்டு வீரர் ழான் புவான் 1911, 1912, 1913 ஆகிய மூன்று ஆண்டுகளும் வென்றார். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. புவான் போர்முனைக்குப் போனார். அதே ஆண்டு செப்டம்பரில் அங்கேயே உயிரிழந்தார். 1915 முதல் 1919 வரை பந்தயம் நடக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போதும் 1940 முதல் 1945 வரை நின்றுபோனது.

ஒருவர் வென்றால் போதாது

இந்தப் பந்தயத்தில் குழுவுக்கும் பரிசு உண்டு. ஒரு நாட்டுக்காகப் பலர் ஓடுவார்கள். முதலில் வந்தவருக்கு 1 புள்ளி. இரண்டாவதாக வந்தவருக்கு 2 புள்ளி. இப்படியே போகும். ஒரு குழுவில் முன்னால் வந்த சிலரின் புள்ளிகளைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எந்தக் குழுவுக்குக் குறைவோ, அந்தக் குழு வெல்லும். ஆகவே ஒருவர் மட்டும் வேகமாக ஓடினால் போதாது. பின்னால் வருபவரின் ஒவ்வோர் இடமும் கணக்கில் சேரும்.

ஆப்பிரிக்கா வந்தது

அலேன் மிமூன் அல்ஜீரியாவில் பிறந்தவர். அல்ஜீரியா அப்போது பிரான்சின் ஆட்சியில் இருந்தது. அதனால் அவர் பிரான்சுக்காக ஓடினார். 1949, 1952, 1954, 1956 என நான்கு முறை வென்றார்.

மொராக்கோ 1956-இல் விடுதலை பெற்றது. நான்கே ஆண்டுகள் கழிந்தன. 1960-இல் பந்தயம் மீண்டும் அதே ஹாமில்டனில் நடந்தது. இம்முறை முதலில் வந்தவர் மொராக்கோ வீரர் ரதி பென் அப்தசலாம். தம் சொந்த நாட்டின் பெயரில் ஓடி அவர் வென்றார்.

1973-இல் இது உலகப் போட்டியாக மாறியது. பெல்ஜியத்தில் வாரெகம் என்னும் ஊரில் அந்த ஆண்டுப் போட்டி நடந்தது.

1981-இல் மாட்ரிட் நகரில் ஒரு வேடிக்கை நடந்தது. எத்தியோப்பிய வீரர்கள் கூட்டமாக முன்னால் ஓடினார்கள். இன்னும் ஒரு சுற்று பாக்கி இருந்தது. அவர்களோ பந்தயம் முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். தவறு தெரிந்ததும் மறுபடி ஓடினார்கள். தனிநபர் பரிசு அமெரிக்க வீரருக்குப் போயிற்று. ஆனாலும் குழுப் பரிசை எத்தியோப்பியாவே வென்றது.

பிறகு கென்யா வந்தது. 1986 முதல் 2003 வரை 18 ஆண்டுகள் தொடர்ந்து ஆண்கள் குழுப் பரிசு கென்யாவுக்கே கிடைத்தது.

பெண்களின் தூரம்

1903-இல் ஓடியவர்கள் எல்லாரும் ஆண்கள். 1931-இல் பிரான்சில் பெண்களுக்குத் தனிப் பந்தயம் ஒன்று நடந்தது. அதில் மூன்று நாடுகள் கலந்துகொண்டன. ஆனால் அது ஆண்டுதோறும் தொடரவில்லை. ஆண்களின் போட்டியோடு பெண்களுக்கும் ஓட இடம் கிடைத்தது 1967-இல்தான். அமெரிக்காவின் டோரிஸ் பிரவுன் அந்த ஆண்டு முதல் 1971 வரை ஐந்து முறை தொடர்ந்து வென்றார்.

இடம் கிடைத்தது. சம தூரம் கிடைக்கவில்லை. 1973-இல் ஆண்கள் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் ஓடினார்கள். பெண்களுக்கு ஏறத்தாழ 4 கிலோமீட்டர்தான். பெண்களின் தூரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடியது.

2017-இல் உகாண்டாவின் கம்பாலா நகரில் போட்டி நடந்தது. அங்கேதான் முதன்முறையாக முதன்மைப் பந்தயத்தில் ஆண்களும் பெண்களும் ஒரே தூரம் ஓடினார்கள். இருவருக்கும் 10 கிலோமீட்டர். பெண்கள் ஓட்டத்தில் முதல் ஆறு இடங்களையும் கென்யப் பெண்களே பிடித்தார்கள். குழுப் பரிசுக்கு நான்கு பேரின் புள்ளிகளைக் கூட்டினார்கள். 1, 2, 3, 4. கூட்டினால் 10. இதைவிடக் குறைந்த எண் வரவே முடியாது!

2011 வரை இந்தப் போட்டி ஆண்டுதோறும் நடந்தது. அதன்பின் இடைவெளி விட்டு நடக்கிறது. பக்கத்துப் பக்கத்து நான்கு நாடுகளின் ஆண்கள் தொடங்கிய ஓட்டம் இது. இன்று உலகமே ஓடுகிறது.

பயிற்சி

1. முதல் பந்தயத்தில் கலந்துகொண்ட நான்கு நாடுகள் எவை?

2. ஒரு குழுவினர் 2, 5, 6, 9 ஆகிய இடங்களில் வந்தனர். மற்றொரு குழுவினர் 1, 8, 12, 15 ஆகிய இடங்களில் வந்தனர். எந்தக் குழு வெல்லும்? கூட்டிப் பாருங்கள்.

3. 1967 முதல் 2017 வரை எத்தனை ஆண்டுகள்? சம தூரம் கிடைக்கப் பெண்களுக்கு ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று? கூடிப் பேசுங்கள்.