பெரிய றேடியேற்றரா, நல்ல விசிறியா? கடலோர ஊரில் மாற்றியமைத்த காரைக் குளிர வைக்க ஒரு வழிகாட்டி

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்குக் கதவு மீண்டும் திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. புதுக் கார் என்ற பேச்சுக்கே இடமில்லாத அந்த ஐந்து வருடத்தில் கையிலிருந்த ஹொண்டா சிவிக்கையும் மிட்சுபிஷி லான்சரையும் மெருகேற்றித்தான் ஓட வேண்டியிருந்தது. சிலர் வலுக்கூடிய எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள், சிலர் டேர்போ பூட்டினார்கள். வலு கூடியதும் முதல் தலையிடியாக வருவது சூடு. மட்டக்களப்பின் அமிர்தகழி போன்ற ஊரில் அது இரட்டிப்பாக வரும். ஒரு பக்கம் வாவி, கிட்டவே கடல், நடுவில் ஆடி மாதத்துக் கச்சான். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்கும் அந்தக் காற்று காய்ந்து, சூடேறி வந்து சேர்கிறது. இதற்கு வழமையாகச் சொல்லப்படும் மருந்து, தடித்த முழு அலுமினிய றேடியேற்றர். அது பந்தயத் தடத்துக்கான மருந்து. நம் வீதியில் ஓடும் காருக்குக் காசு முதலில் போக வேண்டியது காற்றுப் பாதைக்கும் விசிறிக்கும், அடுத்து ஏசியின் கண்டென்சருக்கு, அதன் பிறகே றேடியேற்றருக்கு. காரணத்தைக் கணக்கே காட்டும்.

சூடு எங்கிருந்து வருகிறது

பெற்றோல் எரிந்து வரும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூலன்டுக்குள் இறங்குகிறது. நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின் மணிக்கு ஒரு லீற்றர் எரித்தால் அது சுமார் 9 கிலோவாற்று. றேடியேற்றர் வெளியேற்ற வேண்டியது அதில் 3 கிலோவாற்றுதான். அதே நேரம் ஏசி ஓடினால், காரின் உள்ளிருந்து உறிஞ்சிய வெப்பமும் கொம்பிரசர் செலவழித்த சக்தியும் சேர்ந்து கண்டென்சரில் 4 கிலோவாற்றளவு வெளியாகும். அதாவது கார் நிற்கும்போது றேடியேற்றரை விடக் கண்டென்சருக்கே சுமை அதிகம். அந்தக் கண்டென்சரும் பெரும்பாலான கார்களில் றேடியேற்றருக்கு முன்னால் நின்று, தான் சுட்ட காற்றையே பின்னால் அனுப்புகிறது. மணிக்கு 70 கிலோமீற்றரில் சீராக ஓடும்போது சில்லுகளுக்குத் தேவைப்படுவது 6 தொடக்கம் 8 கிலோவாற்று வலு. கூலன்டுக்குப் போகும் வெப்பமும் 10 கிலோவாற்றை ஒட்டியே இருக்கும். 150 கிலோவாற்று எஞ்சினை முழுதாக மிதித்தால் மட்டும் அது 80 வரை தாவும். ஆனால் வீதியில் அப்படி எத்தனை செக்கன் மிதிக்க முடியும்? ஐந்து செக்கன் மிதித்து, அதற்குள் றேடியேற்றர் எதையுமே வெளியேற்றாவிட்டாலும், எஞ்சின் இரும்பும் கூலன்டும் சேர்ந்து ஏழெட்டுப் பாகைதான் ஏறும். ஆகவே இங்கு காரைச் சோதிப்பது வேகம் அல்ல, நிற்பதுதான். ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலய வீதியில் சன நெரிசலுக்குள் ஏசியோடு ஊர்ந்து போகும் கார், பந்தயத் தடத்தில் சுற்றும் காருக்கு இல்லாத சோதனை ஒன்றைச் சந்திக்கிறது. முன்னாலிருந்து காற்று வராத அந்த வேளையில் விசிறி இழுப்பது மட்டுமே காற்று.

ஆகவே சாமான் வாங்கப் போகுமுன் நோய் எது என்று பார்க்க வேண்டும். நிற்கும்போது சூடேறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் குறை விசிறியிலோ காற்றுப் பாதையிலோதான். ஊருக்குள் சரியாக இருந்து, நீண்ட வீதியில் ஓடும்போது ஏறினால் றேடியேற்றர் உள்ளே அடைத்திருக்கலாம், தண்ணீர்ப் பம்ப் தேய்ந்திருக்கலாம், கீழ்க் குழாய் உறிஞ்சலில் ஒட்டிப்போகலாம். ஏசி ஓட்டத்தில் குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் சுடுகாற்று விட்டால் கண்டென்சருக்குக் காற்று போதவில்லை. எப்போதுமே குளிர் குறைவென்றால் காஸ் அளவையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் பார்க்க வேண்டும். டாஷ்போர்டு முள்ளை மட்டும் நம்பக் கூடாது. பல கார்களில் வெப்பநிலை இருபது பாகை ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். ஓபிடி ஸ்கானர் காட்டும் எண்ணை ஏசியோடும் ஏசியில்லாமலும், நின்றும் ஓடியும் குறித்துப் பார்த்தால் பாதி விடை கைக்கு வந்துவிடும்.

விசிறியும் காற்றுப் பாதையும்

ஒரு கன மீற்றர் காற்றை 40 பாகை சூடாக்கினால் அது சுமந்து போகும் வெப்பம் சுமார் 46 கிலோஜூல். காற்று குறைந்தால் எவ்வளவு பெரிய கோராக இருந்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. மாற்றியமைத்த கார்களில் மிக அதிகம் காணப்படும் தவறு, கம்பெனி விசிறியையும் அதன் கூட்டையும் கழற்றிவிட்டு மெல்லிய 12 அங்குல விசிறி ஒன்றைக் கோரோடு நேரடியாக ஒட்டிப் பூட்டுவது. 65 சென்ரிமீற்றர் அகலமும் 37 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள கோரில் அந்த விசிறியின் வட்டம் மறைப்பது முப்பது வீதம்தான். மிச்சப் பகுதியில், கார் நிற்கும்போது காற்று அசையாது. கோரை முழுதாக மூடும் கூடு இருந்தால் அதே விசிறி எல்லா மூலையிலிருந்தும் இழுக்கும். முன்னாலிருந்து தள்ளும் விசிறியை விடப் பின்னாலிருந்து இழுக்கும் விசிறியே மேல். ஏனென்றால் முன் விசிறி ஓட்டத்தில் வரும் காற்றை மறிக்கிறது. கண்டென்சருக்கும் றேடியேற்றருக்கும் இடையிலும் பக்கங்களிலும் உள்ள இடைவெளியைப் பஞ்சு நாடாவால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் அறையின் சுடுகாற்று சுற்றி வந்து மீண்டும் முன்னால் புகும். வேலை சரியா என்று பார்க்க ஒரு கடதாசி போதும். காரை நிறுத்தி, ஏசியைப் போட்டு, கிரில்லின் முன் மூலைக்கு மூலை பிடித்துப் பார்த்தால் எங்கும் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். புது விசிறிக்கு ரிலேயும் தடித்த வயரும் கட்டாயம். ஓல்டநேற்றருக்கு அதைச் சுமக்க வலு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பொனற்றின் பின் விளிம்பை வாஷர் வைத்து உயர்த்தும் வழக்கத்தையும் இங்கே பேச வேண்டும். கார் நிற்கும்போது அந்த இடைவெளியால் சுடுகாற்று வெளியேறுவது உண்மைதான். ஆனால் ஓட்டத்தில் முன் கண்ணாடியின் அடிப்பகுதி உயர் அழுத்தப் பகுதி. அங்கே வழி திறந்தால் காற்று உள்ளே புகுந்து, றேடியேற்றரைக் கடந்து வர வேண்டிய காற்றுக்கு எதிராகத் தள்ளும். அதற்கு மேல், ஏசிக்கு வெளிக்காற்று எடுக்கும் துவாரமும் அங்கேயே இருக்கிறது. நிற்கும்போது எஞ்சின் சூடு நேராக அதற்குள் போகும். பொனற்றில் துளை வேண்டுமென்றால் றேடியேற்றருக்குச் சற்றுப் பின்னால், முன்பக்கமாக வெட்டுவதே முறை.

றேடியேற்றரும் கூலன்டும்

இவ்வளவும் செய்தும் போதாவிட்டால் றேடியேற்றரைப் பார்க்கலாம். செம்பு பித்தளைக் கோர் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், ஊர்க் கராஜிலேயே ஈயம் வைத்துத் திருத்தலாம். ஆனால் பாரம் அதிகம், உப்புக் காற்றில் ஈயப் பொருத்துகள் முதலில் கெடும். பிளாஸ்டிக் தலையோடு வரும் அலுமினியம் மலிவு, கம்பெனிப் பொருத்தம். வருடங்கள் போனதும் தலையில் வெடிப்பு விழும். முழு அலுமினியம் வெல்டிங் செய்தது உறுதியானது, ஆனால் தரத்துக்குத் தரம் வித்தியாசம் பெரிது. தடிப்பைப் பார்த்து மயங்கக் கூடாது. கோர் தடிக்கத் தடிக்க, பின்வரிசைக் குழாய்கள் முன்வரிசை சுட்ட காற்றையே பெறும். காற்றுக்குத் தடையும் கூடும். வலுக் குறைந்த விசிறியோடு 52 மில்லிமீற்றர் கோரை விட 36 மில்லிமீற்றர் கோர் நிற்கும்போது நன்றாகக் குளிர்விக்கும் நிலையும் வரும். பரப்பைக் கூட்ட முடிந்தால் அதுதான் உண்மையான ஆதாயம். 1990களின் சிவிக் கார்களில் அரை அகல றேடியேற்றரே கம்பெனியிலிருந்து வந்தது. பெரிய எஞ்சின் ஏற்றினால் முழு அகலத்துக்கு மாறுவது நியாயமான தெரிவு, கண்டென்சர் விசிறிக்கும் இடம் விட்டு அளந்தால்.

தேர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவது நம் நாட்டில் பலரும் சொல்லும் வைத்தியம். சூடான நாட்டில் அது எதற்கு என்பது அவர்கள் வாதம். தேர்மோஸ்டாட் எஞ்சினின் ஆகக் குறைந்த வெப்பநிலையைக் காக்கிறதே தவிர, முழுதாகத் திறந்த பிறகு ஓட்டத்தைப் பெரிதாக மறிப்பதில்லை. பல ஜப்பானிய எஞ்சின்களில் அது திறக்கும்போதே பக்கவழிக் குழாயை அடைக்கவும் செய்கிறது. கழற்றினால் அந்தப் பக்கவழி திறந்தே கிடந்து, கூலன்டில் ஒரு பகுதி றேடியேற்றரைத் தொடாமலே எஞ்சினுக்குத் திரும்பும். குளிர்ந்த எஞ்சின் பெற்றோலையும் கூடக் குடிக்கும், தேய்மானமும் கூடும். குறைந்த பாகையில் திறக்கும் தேர்மோஸ்டாட் பூட்டினாலும் றேடியேற்றரின் கொள்ளளவு கூடாது. ஏற்றம் தொடங்கும் புள்ளி மட்டும் கீழே போகும். பச்சைத் தண்ணீர் கூலன்டை விட அதிக வெப்பம் சுமக்கும் என்பது சரிதான். ஆனால் வாவியோரக் கிணற்றுத் தண்ணீரின் உவர் அலுமினியத்தை உள்ளிருந்தே அரிக்கும். காய்ச்சி வடித்த நீரில் முப்பது வீதம் கூலன்ட் கலந்தால் வெப்பம் சுமப்பதும் பெரிதாகக் குறையாது, அரிப்பும் தடைப்படும். 1.1 பார் றேடியேற்றர் மூடி நல்ல நிலையில் இருந்தால் வெறும் நீரே 120 பாகை தாண்டித்தான் கொதிக்கும். தளர்ந்த மூடி அந்தக் காப்பைப் பறித்துவிடும். இத்தனை தெரிவுகளிலும் ஆக மலிவானது புது மூடி ஒன்றுதான்.

ஏசியைக் காப்பதா, கழற்றுவதா

ஏசியைக் கழற்றினால் பாரமும் குறையும், றேடியேற்றருக்கு முன்னால் தடையும் போகும் என்பது வலுவான வாதம். மேலே சொன்ன கணக்கே அதற்குத் துணை நிற்கிறது. ஆனால் ஏசி குளிர்விக்க மட்டும் இல்லை. மார்கழி மழையில் முன் கண்ணாடியில் படியும் ஆவியை நிமிடத்தில் நீக்குவது ஏசி காயவைத்த காற்றுதான். அது இல்லாத கார் இரவு மழையில் ஆபத்து. கச்சான் காலத்தில் வியர்த்துக் களைத்த சாரதியின் கவனக்குறைவும் அப்படித்தான். பந்தயத்துக்கு மட்டுமே போகும் கார் என்றால் கழற்றலாம். வீட்டுக்கும் வேலைக்கும் ஓடும் காருக்கு ஏசியைத் திருத்துவதே சரி.

அதில் முதல் முதலீடு கண்டென்சர். பழைய வளைகுழாய்க் கண்டென்சரை விட, மெல்லிய தட்டைக் குழாய்கள் சமாந்தரமாக ஓடும் வகை அதே பரப்பில் அதிக வெப்பத்தை விடும். கண்டென்சருக்குள் ஆர்-134ஏ காஸ் 55 பாகையில் திரவமானால் உயர் அழுத்தப் பக்கம் சுமார் 200 பிஎஸ்ஐ காட்டும். காற்றுக் குறைந்து 65 பாகைக்கு ஏறினால் 260 பிஎஸ்ஐ. அந்த வித்தியாசம் முழுவதும் கொம்பிரசர் இழுக்கும் வலு, எஞ்சினின் சுமை. ஆகவே நல்ல கண்டென்சரும் விசிறியும் ஏசியையும் எஞ்சினையும் ஒரே செலவில் காக்கின்றன. கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் பாவித்த கண்டென்சரை எடுப்பதென்றால் தகடுகளை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வெண்மாவாக உதிர்ந்தால் உப்பு ஏற்கனவே வேலையைத் தொடங்கிவிட்டது. குளிர் குறைந்ததும் காஸ் அடித்துக்கொண்டே போவது வைத்தியம் அல்ல. கசிவைக் கண்டு அடைத்து, ட்ரையரை மாற்றி, வக்குவம் பிடித்து, கார் சொல்லும் நிறைக்கே காஸ் ஏற்ற வேண்டும். கூடினாலும் குளிர் குறையும். சிலர் விற்கும் எரியக்கூடிய காஸ் கலவைகள், காருக்குள் கசிந்தால் உயிராபத்து.

ஹைபிரிட் காரின் மின் கொம்பிரசரைப் பூட்டினால் எஞ்சினுக்குச் சுமையே இல்லையே என்ற கேள்வியும் வரும். பிரியஸ் போன்ற கார்களில் அது சுமார் 200 வோல்ட் பற்றரியில் ஓடுகிறது. 12 வோல்ட் காரில் அந்த மின்சாரத்துக்கு இடமில்லை. உருவாக்கினாலும் அதைக் கொடுப்பது கடைசியில் எஞ்சினின் ஓல்டநேற்றர்தான். மின் கொம்பிரசரின் எண்ணெயும் வேறு வகை. வழமையான எண்ணெய் கலந்தால் மின்காப்புக் கெடும். அதற்குச் செலவழிக்கும் காசில் நல்ல கண்டென்சரும் விசிறியும் தாராளமாக வாங்கலாம்.

டேர்போக் காரில் முன்னால் வைக்கும் இன்டர்கூலர் கண்டென்சரையும் மறைக்கிறது. லான்சர் எவோ கம்பெனியிலேயே முன் இன்டர்கூலரோடும் ஏசியோடும் வந்தது. ஆகவே இரண்டும் சேர்ந்து வாழ முடியும். பம்பர் முழுவதையும் அடைக்கும் அளவு கூடாது என்பதே பாடம். எண்ணெய்க் குளிர்விப்பான் தேவையா என்பதை எண்ணெய் வெப்பமே சொல்லும்: 130 பாகைக்கு மேல் நீண்ட நேரம் நின்றால் பூட்டுங்கள், தேர்மோஸ்டாட்டோடு கூடியதாக. பந்தயத் தடத்தில் சுற்றுச் சுற்றாக ஓட்டுபவருக்கு என் வரிசை தலைகீழாகும். அங்கே முழு வலு நிமிடக்கணக்கில் நிற்கும், பெரிய றேடியேற்றரும் எண்ணெய்க் குளிர்விப்பானும் முதலில் வேண்டும். ஆனால் மாதத்துக்கொருமுறை தடத்துக்குப் போகும் காரும் மிச்ச நாள் வீதியில்தான் ஊர்கிறது. அதற்கும் விசிறி, கூடு, அடைப்பு மூன்றும் அடித்தளம்.

எதை வாங்கினாலும் உப்பு அதை எடுத்துக்கொள்ள வரும். வாரத்துக்கொருமுறை கிரில்லுக்குள் மெல்லிய குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்; உயர் அழுத்தத் தண்ணீர் தகடுகளை மடக்கிக் காற்றை அடைத்துவிடும். பூச்சு வைத்த கண்டென்சர் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தே எடுங்கள். மூடி, கூலன்ட், அடைப்பு, கூடு, விசிறி, கண்டென்சர், றேடியேற்றர், எண்ணெய்க் குளிர்விப்பான் என்ற இந்த வரிசையில் ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றின் பின்னும் ஏசியோடு நிறுத்தி ஸ்கானரைப் பாருங்கள். எண் சரியான இடத்தில் நின்றுவிட்டால் மிச்சக் காசைத் தொட வேண்டியதில்லை.